கூட்டாத வீட்டின் செவ்வாய்க்கிழமை

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள் ஏழு பேர். வீட்டுக்காரி தவமணி அக்கா சாண்ட்விச் தொழிற்சாலையில் காலை வேலை முடித்து வந்து, வீங்கிய கால்களைச் சுடுதண்ணீர் வாளிக்குள் வைத்தபடி குசினியில் இருந்தாள். மன்னாரைச் சேர்ந்த அன்ரன், நடு அறைக்காரன், படிக்கட்டில் இருந்து சப்பாத்துக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தான். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்கிற செல்வநாதன் மேல் அறையில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். ரக்சிக்கார நவம், விமான நிலையம் வரைக்கும் தாங்காது என்று சொல்லிக் கழிவறைக்குள் போயிருந்தான். முன் அறையில் குடியிருந்த ஞானரூபனும் அவன் மனைவி சுகிர்தாவும் பயணப் பெட்டியின் மேல் ஆளுக்கொரு பக்கம் ஏறி இருந்து அதைப் பூட்டப் பார்த்தார்கள். ஏழாவது ஆள் நான். பின் அறையில் இருப்பவன். ஊரில் சங்கக்கடையில் முப்பத்தொரு வருடம் அரிசியும் சீனியும் நிறுத்துக் கொடுத்தவன். ஒக்டோபர் பதினான்காம் திகதி, செவ்வாய்க்கிழமை, பின்னேரம் நான்கு மணி பத்து நிமிடம்.

சுகிர்தாவின் தாய் கரவெட்டியில் படுக்கையில் கிடந்தாள். நெஞ்சில் தண்ணீர் கோத்துவிட்டது, ஒரே மகள், வரச்சொல்லுங்கள் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். சுகிர்தா லண்டனுக்குப் படிக்க வந்து, ஞானரூபனைக் கட்டி, மனைவி என்ற முறையில் இங்கேயே இருப்பதற்கு விண்ணப்பம் போட்டு ஏழு மாதமும் ஒன்பது நாளும் ஆகியிருந்தது. பதில் வரவில்லை. பதில் வருமுன் நாட்டைவிட்டு வெளிக்கிட்டால், வெளிக்கிட்ட நாளோடு அந்த விண்ணப்பம் தானாகச் செத்துப்போகும் என்று சொலிசிட்டர் சொல்லியிருந்தார். ஞானரூபன் கூடப் போகமுடியாது. அவன் அகதி, அவனுடைய பயணப் புத்தகத்தில் எல்லா நாட்டுக்கும் போகலாம் என்றும், பிறந்த நாட்டுக்கு மட்டும் போகமுடியாது என்றும் எழுதியிருந்தது.

"பைல் வேறை ஒண்டு போடலாம். அம்மாவை வேறை ஒண்டு போடேலாது," என்றாள் சுகிர்தா, பெட்டியின் மேல் இருந்தபடி.

"இண்டைக்கு முடியுமட்டும் பைல் உயிரோட இருக்குமோ?" என்று ஞானரூபன் கேட்டான்.

"இருக்கும். இண்டைக்குத்தானே வெளிக்கிடுறன்."

"அப்ப இண்டைக்கு முடியக்கூடாது," என்றான் அவன், கறிக்கு உப்புக் குறைவு என்று சொல்வதுபோல.

தவமணி அக்கா குசினியில் இருந்து குரல் கொடுத்தாள். "ராகு காலம் பிள்ளை. நாலரைக்குப் பிறகு காலெடுத்து வை."

"பிளேன்காரனுக்கு ராகு காலம் தெரியாதக்கா," என்றாள் சுகிர்தா.

"நவத்துக்குத் தெரியும். அதுதான் உள்ளுக்குப் போனவன் இன்னும் வரேல்லை," என்றான் அன்ரன். எல்லோரும் சிரித்தார்கள். சுகிர்தாவும் சிரித்தாள், அதுதான் அந்த வீட்டில் அவள் கடைசியாகச் சிரித்தது. நவம் வந்தான், பெட்டியைத் தூக்கினான், அவள் எங்கள் எல்லோருக்கும் "போட்டு வாறன்" என்றாள். ஏழில் இரண்டு போக ஐந்து பேர் மிஞ்சினோம்.

வீட்டிலிருந்து ஒருவர் தூரப் பயணம் வெளிக்கிட்டால், அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்ற செய்தி வரும்வரை எங்கள் ஆட்கள் வீடு கூட்டமாட்டார்கள். உடனே கூட்டினால் போனவரையும் சேர்த்துக் கூட்டித் தள்ளியது போலாகும். ஆகவே தவமணி அக்கா கூட்டுகிற தும்புத்தடியைக் கதவு மூலையில் சாய்த்து வைத்துவிட்டுப் படுக்கப் போனாள். விடிய எழும்பி, வேலைக்குப் போய், புதன்கிழமை பின்னேரம் திரும்பி வந்தபோது வீட்டுக்குள் இன்னும் செவ்வாய்க்கிழமையாக இருந்தது. சுவர் மணிக்கூடு நான்கு பத்தைக் காட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது, பின்கதவுக் கண்ணாடியில் அதே சாம்பல் வெயில் சாய்ந்து கிடந்தது, அவள் முதல் நாள் கால்களை வைத்த வாளித் தண்ணீரில் இன்னும் ஆவி பறந்தது.

"நல்லதாப் போச்சு. திருப்பிச் சுட வைக்கத் தேவையில்லை," என்று சொல்லிக் கால்களை அதற்குள் வைத்தாள்.

மூன்றாம் நாள் சுகிர்தா கரவெட்டியிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டாள். வீட்டுக்குள் இருந்த எங்கள் போன்களில் அந்த அழைப்பு வரவில்லை, ஏனென்றால் வீட்டுக்குள் அவள் இன்னும் விமானம் ஏறவில்லை. தெருமுனை பஸ் தரிப்பில் நின்ற தவமணி அக்காவின் போனில்தான் வந்தது. அக்கா மூச்சு வாங்க ஓடிவந்து வாயைத் திறக்கமுன், ஞானரூபன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

"சொல்லாதேங்கோ அக்கா. போய்ச் சேர்ந்திட்டாள் எண்டு சொன்னா நீங்கள் கூட்டவேணும். கூட்டினா இண்டைக்கு முடிஞ்சிடும். முடிஞ்சா பைல் செத்துப்போம்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவன் எழும்பிப் போய்த் தும்புத்தடியை எடுத்துவந்து, தன் கதிரையின் கீழே வைத்து, அதன் மேல் கால்களை வைத்துக்கொண்டான். அப்படியே இருந்தான்.

நாங்கள் வெளியே போனால் வெளியில் என்ன நாளோ அந்த நாளுக்குள் போவோம், உள்ளே வந்தால் செவ்வாய்க்கிழமைக்குள் வருவோம். குளிர்காலச் சட்டையை வாசலில் கழற்றிவிட்டு ஒக்டோபருக்குள் வருவது அன்ரனுக்கு வலு விருப்பம். ஞானரூபன் மட்டும் வாசலைத் தாண்டவில்லை, தாண்டினால் அவள் போய்விட்ட ஒரு நாளுக்குள் காலை வைக்கவேண்டும். செல்வநாதனும் தாண்டவில்லை, அவன் அதே தூக்கத்தில் இருந்தான். பின்னேரம் ஐந்து மணிக்கு எழுப்பச் சொல்லிப் படுத்தவனை ஐந்து மணி ஆகாமல் எப்படி எழுப்புவது? ஞானரூபனுக்குப் பசியும் வரவில்லை, தாடியும் வளரவில்லை. மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டவன் அவன். ஆனாலும் சுகிர்தா வெளிக்கிடமுன் காய்ச்சி வைத்த சோற்றுப் பானை அடுப்பில் சூடாறாமல் இருந்தது, அவளை நினைக்கும்போதெல்லாம் அதைத் திறந்து ஒரு வாய் தின்பான். சோறு கெடவில்லை. ஆனால் குறைந்தது.

கோயில் ஐயர் ஒருமுறை வந்து பார்த்தார். மணிக்கூட்டைப் பார்த்தார், பஞ்சாங்கத்தைப் பார்த்தார். "எல்லாம் சரி. ஆனா நிண்டது ராகு காலத்தில நிண்டிட்டுது. நாலரை தாண்டி நிண்டிருந்தா நல்லது," என்று சொல்லித் தேத்தண்ணியும் குடிக்காமல் போனார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒருவரும் நல்ல காரியம் எதையும் தொடங்கவில்லை.

பத்தொன்பதாம் நாள் கமலேந்திரன் வந்தான். முல்லைத்தீவுப் பெடியன், முப்பது வயது இருக்கும், வழக்குத் தோற்று, வருகிற வெள்ளிக்கிழமை விமானத்தில் ஏற்றி அனுப்புவதாகக் கடிதம் வைத்திருந்தான். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்று, "அக்கா, இஞ்ச வெள்ளிக்கிழமை வராதாம், உண்மையோ?" என்று கேட்டான்.

"புதனே வரேல்லை தம்பி. உள்ளுக்கு வா," என்றாள் தவமணி அக்கா.

அவனுக்குப் பிறகு மற்றவர்கள் வரத் தொடங்கினார்கள். விசா முடிகிற மாணவர்கள், மேன்முறையீட்டுக்கு நாள் குறித்தவர்கள், கிழமைக்கொரு தரம் குடிவரவு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்து வைக்கவேண்டியவர்கள். நூறாம் நாள் பதினான்கு பேர், முந்நூறாம் நாள் இருபத்தொரு பேர், பிறகு இருபத்தேழு. அதற்குமேல் படிக்கட்டில் இடமில்லை. ஒரு படிக்கு இரண்டு பேர் என்று நான் பிரித்துக் கொடுத்தேன். ஒருவரும் உரத்துப் பேசவில்லை, ஒருவரும் மற்றவரின் கடிதத்தைப் பற்றிக் கேட்கவில்லை, வெளியில் போய்வருகிற நாங்கள் மூவரும் பாணும் பருப்பும் கொண்டுவந்து கொடுத்தோம். தரையெல்லாம் பாண் தூளும் தலைமயிரும் மண்ணுமாகக் கிடந்தது. குனிந்து கையால் பொறுக்கினாலும் அது கூட்டுவதுதான் என்று ஞானரூபன் சண்டைக்கு வந்தான், ஆகவே எல்லோரும் குப்பையை மிதிக்காமல் கால் தூக்கி நடக்கப் பழகினார்கள்.

"லண்டனில எத்தினையோ வீடு பாத்திருக்கிறன். குப்பையால இவ்வளவு பேரைக் காப்பாத்திற வீடு இதுதான்," என்பான் அன்ரன். "தராசு ஐயா, நீங்கள் எண்ணுங்கோ. எண்ணாட்டி உங்களுக்கு நித்திரை வராதே." என்னைத் தராசு ஐயா என்றுதான் கூப்பிடுவான்.

உண்மைதான், நான் எண்ணினேன். வெளியில் எத்தனையாம் நாள் என்பதை ஒரு கொப்பியில் கோடு போட்டு வைத்தேன். அதைவிட வேறொரு வேலையும் என்மேல் விழுந்தது. சுகிர்தாவின் அழைப்பை பஸ் தரிப்பில் நின்று கேட்டு, அதை உள்ளே கொண்டுபோய்ச் சொல்லி, பதிலை வெளியே கொண்டுவருகிற வேலை. கல்யாணம் கட்டாதவன், பெண்பிள்ளைகளோடு நிமிர்ந்து பேசிப் பழக்கமில்லாதவன், புருசன் பெண்சாதி பேச்சை வாயில் வைத்துக்கொண்டு நான் அந்தத் தெருவில் நடந்தது இத்தனை தரம் என்று கணக்குண்டு: நூற்றுப் பதினேழு தரம்.

பன்னிரண்டாம் நாள் தாய் இறந்தாள். "சொல்லுங்கோ ஐயா, அம்மா என்ரை கையிலதான் போனவ. அவரைக் கேட்டவ," என்றாள் சுகிர்தா. நான் உள்ளே போய்ச் சொன்னேன். ஞானரூபன் கொஞ்சநேரம் அழுதான். பிறகு, "அம்மாவுக்கு இன்னும் ஒண்டும் ஆகேல்லை ஐயா. இண்டைக்குச் செவ்வாய்தானே," என்றான். அதை நான் வெளியே கொண்டுபோகவில்லை. நூற்றுப் பதினேழில் நான் கொண்டுபோகாதது அது ஒன்றுதான்.

அறுபதாம் நாள், தாயின் அந்தியேட்டிக் கிரியையும் முடிந்தபின், அவள் விசயத்துக்கு வந்தாள்.

"ஐயா, வடிவாக் கேளுங்கோ. பழைய பைல் செத்துப்போச்சு. இஞ்சயிருந்து புதுசா ஒண்டு போடலாம். எல்லாம் எழுதி வைச்சிட்டன். அவரின்ரை கையெழுத்து ஒண்டும், அவர் இப்ப வேலை செய்யிறார் எண்டு கடிதம் ஒண்டும் வேணும். வெளியில வந்து இண்டையான் திகதி போட்டு ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

நான் ஒரு சொல்லும் தவறாமல் சொன்னேன். ஞானரூபன் கால்களைத் தும்புத்தடியில் அழுத்தினான்.

"வெளியில வந்தா நான் பைலைச் சாக்காட்டினவன் ஆவன் ஐயா. இஞ்ச பைல் மூச்சு விட்டுக்கொண்டிருக்கு. ஏழு மாசம் ஒன்பது நாள் காத்த பைல். புதுசு போட்டு இல்லையெண்டு சொன்னா?"

"இல்லையெண்டு சொன்னா பிறகும் போடலாம் தம்பி."

"நான் இருக்குமட்டும் அவள் இன்னும் போகேல்லை எண்டு சொல்லுங்கோ. அவளின்ரை சோப்பு ஈரம் காயேல்லை. தலகணியில பள்ளம் அப்பிடியே இருக்கு. வந்து பாருங்கோ."

போய்ப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. சோப்பு ஈரமாக இருந்தது, தலகணியில் ஒரு தலையின் பள்ளம் இருந்தது. இதை அவளுக்குச் சொல்லி முடிக்க, பஸ் ஒன்று வந்து நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. பிறகு, "தலகணிக்குப் புருசனா இருக்கிறார்," என்றாள்.

மாதக்கணக்கில் இதே பேச்சு. அவள் கெஞ்சினாள், ஏசினாள், ஒருமுறை பகிடியாக, "எனக்குக் கடன்பட்டவன் மாதிரி உள்ளுக்கை ஒளிச்சிருக்கிறார், நான் என்ன விழுங்கப்போறனோ?" என்றாள். நான் ஒவ்வொன்றையும் கொண்டுபோனேன். நான் ஏன் அந்தத் தும்புத்தடியைப் பறித்து ஒரு இழுவை இழுக்கவில்லை என்று கேட்டால், படிக்கட்டில் ஒரு படிக்கு இரண்டு பேராக இருந்தவர்களைத்தான் காட்டவேண்டும். கமலேந்திரன் நான் உள்ளே வரும்போதெல்லாம் என் முகத்தைப் பார்ப்பான். அவனுக்கு வெள்ளிக்கிழமை வரக்கூடாது. அவளுக்கு வரவேண்டும். எந்தத் தட்டில் எதைப் போடுவது என்று தெரியாமல் நான் எழுநூறு நாள் நின்றேன்.

எழுநூற்றிரண்டாம் நாள் அவள் சொன்னாள்: "ஐயா, நாங்கள் ரெண்டுபேரும் ஒரே வருசம் பிறந்தனாங்கள். எனக்கு முப்பத்தெட்டு. அவருக்கு இன்னும் முப்பத்தாறு. இனி அவர் எனக்குத் தம்பி. பிள்ளை பெறுறதெண்டா இனி அதிக நாள் இல்லையெண்டு டொக்டர் சொல்லிப்போட்டா. அம்மாவின்ரை வீட்டைக் குடுத்திட்டன். இந்த நம்பரும் இருக்காது. நான் இனிக் கூப்பிடமாட்டன். நீங்கள் நடந்து நடந்து களைச்சுப்போனியள், அதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"எங்கை போறாய் பிள்ளை?" என்று கேட்டேன். அதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது.

உள்ளே போய்ச் சொன்னேன். ஞானரூபன் பானையைத் திறந்து ஒரு வாய் சோறு தின்றான்.

அதன்பிறகு இருநூற்று ஆறு நாள் அழைப்பு வரவில்லை. ஆனாலும் நான் வழக்கமான நேரத்துக்கு பஸ் தரிப்பில் போய் நின்றுவிட்டு வருவேன். ஞானரூபன் என் முகத்தைப் பார்ப்பான், நான் இல்லையென்று தலையை ஆட்டுவேன். தொள்ளாயிரத்தெட்டாம் நாள் வெளியில் குருத்தோலை ஞாயிறு. அன்ரன் இருட்டுகிற நேரம் கோயிலில் இருந்து குருத்தோலையில் மடித்த சிலுவையோடு வந்தான். நாங்கள் குசினிக்குள் நுழைந்தபோது ஞானரூபன் சோற்றுப் பானையைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தான். ஒன்றும் விழவில்லை. அடியில் ஒட்டியிருந்த ஒரு பருக்கையை நகத்தால் சுரண்டி எடுத்து வாயில் வைத்து, மெல்லாமல், கரையும்வரை வைத்திருந்தான்.

"வெளியில இண்டைக்கு எத்தினையாம் நாள் ஐயா?" என்று கேட்டான். அதற்குமுன் அவன் அதைக் கேட்டதில்லை.

"தொள்ளாயிரத்தெட்டு."

அவன் குனிந்து கதிரையின் கீழிருந்து தும்புத்தடியை எடுத்தான்.

படிக்கட்டில் இருந்த இருபத்தேழு பேரும் எழும்பினார்கள். "அண்ணை, அண்ணை," என்று கமலேந்திரன் ஓடிவந்து அவன் காலடியில், அந்தக் குப்பைக்கு மேலே, நீட்டிப் படுத்துவிட்டான். "எனக்கு வெள்ளிக்கிழமை அண்ணை. உங்களுக்கு மனுசிதானே போனது. எனக்கு நானே போகப்போறன்."

ஞானரூபன் அவனை மிதிக்கவுமில்லை, எழுப்பவுமில்லை. "சோறு முடிஞ்சுது தம்பி," என்று மட்டும் சொல்லி, அவனைச் சுற்றி, அவன் தலையை ஒருமுறை, கையை ஒருமுறை, காலை ஒருமுறை விலக்கி விலக்கி, குசினியிலிருந்து முன்வாசல் வரைக்கும் கூட்டினான்.

மணிக்கூடு நான்கு பதினொன்று ஆனது. பின்கதவுக் கண்ணாடியில் இருந்த வெயில் ஒரு துணியை இழுத்ததுபோல் போய்விட்டது. வாளித் தண்ணீர் வற்றி அடியில் வெள்ளைப் படை தெரிந்தது. ஞானரூபனின் தாடி நெஞ்சுவரை இறங்கியது, தொள்ளாயிரத்தெட்டு நாள் பசி ஒரேயடியாக வந்து அவனை நிலத்தில் உட்காரவைத்தது. முன் அறையில் சோப்பு காய்ந்து வெடித்தது. தலகணியின் பள்ளம் உப்பி நிரம்பியது. மேலே செல்வநாதன் எழும்பி, கண்ணைக் கசக்கிக்கொண்டு படிக்கட்டில் இறங்கி, "அஞ்சு மணியாச்சோ? வேலைக்குப் பிந்திட்டன்," என்றான். அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

இருபத்தேழு பேரும் வாசலில் சப்பாத்துத் தேடினார்கள். தள்ளுப்படவில்லை. ஒவ்வொருவராகத் தவமணி அக்காவிடம் "போட்டு வாறன்" என்று சொன்னார்கள், அவள் ஒவ்வொருவருக்கும் ஓம் என்றாள். கமலேந்திரன் கடைசியாகப் போனான். முதுகில் பாண் தூள் ஒட்டியிருந்தது. அக்கா கையைத் தூக்கித் தட்டிவிடப் போய், தட்டாமல் விட்டாள்.

பிறகு கடிதங்கள் விழத் தொடங்கின. அந்தச் செவ்வாய்க்குப் பிறகு தபால்காரன் கதவுத் துவாரத்தில் போட்டதெல்லாம் உள்ளே வந்து சேர நாள் இல்லாமல் எங்கேயோ நின்றிருக்கிறது, இப்போது ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து வாசலை மூடியது. நான் நிலத்தில் இருந்து பெயர் பெயராகப் பிரித்தேன். இருநூற்று நாற்பத்தொன்று. தவமணி அக்காவுக்கு நூற்று அறுபத்திரண்டு, செல்வநாதனுக்கு நாற்பத்தெட்டு, அன்ரனுக்கு முப்பது, சுகிர்தாவுக்கு ஒன்று.

ஒன்றுதான். முதலாவதாக விழுந்து எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது. புதன்கிழமை காலைத் தபால். அன்ரன் உடைத்து வாசித்தான், வாசித்துவிட்டு மறுபடி வாசித்தான், பிறகு எங்களுக்குத் தமிழில் சொன்னான். விண்ணப்பம் ஏற்கப்பட்டது. முப்பது மாதத்துக்கு இருக்கலாம், வெளியே போய்வரலாம். கடிதத்தின் திகதி ஒக்டோபர் பதின்மூன்று, திங்கட்கிழமை. அவள் பெட்டியின் மேல் ஏறி இருந்ததற்கு முதல் நாள்.

ஞானரூபன் நிலத்தில் இருந்தபடி அன்ரனின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழும்பினான், விழுந்தான், எழும்பினான். சப்பாத்தில்லாமல் வாசலைத் தாண்டி, தாடியோடு, பஸ் தரிப்பு வரைக்கும் ஓடினான். நாங்கள் பின்னால் போனோம். அவனே அவள் நம்பரை அழுத்தி அவனே காதில் வைத்தான். நீங்கள் அழைத்த இலக்கம் பாவனையில் இல்லை என்று ஒரு பெண்குரல் சிங்களத்தில் சொன்னது, தமிழில் சொன்னது, ஆங்கிலத்தில் சொன்னது. அவன் மறுபடி அழுத்தினான். பத்தொன்பது தரம் அழுத்தினான்.

தவமணி அக்கா கரவெட்டியில் தெரிந்த ஒரு வீட்டுக்குப் போன் எடுத்தாள். "அந்தப் பிள்ளையோ? காணி வித்திட்டுப் போட்டுது. கொழும்பெண்டினம், மட்டக்களப்பெண்டினம். போய்ச் சேர்ந்தன் எண்டு ஒரு கதையும் இல்லை. நாங்களும் கேக்கேல்லை," என்றார்கள்.

பஸ் ஒன்று வந்து நின்றது, ஒருவரும் ஏறாததைக் கண்டு போய்விட்டது. அன்ரன் கடிதத்தை மடிக்கத் தெரியாமல் கையில் வைத்திருந்தான். ஞானரூபன் என் பக்கம் திரும்பினான்.

"ஐயா, முப்பது மாசம் எப்ப முடியுது?"

அவனுக்குப் பொய் சொல்லியிருக்கலாம். முடிந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்திருப்பான். ஆனால் நான் பொய் நிறை நிறுத்துப் பழகியவன் இல்லை. கடிதத் திகதியான அந்தத் திங்களிலிருந்து விரல் மடித்து எண்ணினேன். நம்பாமல், கொப்பியை எடுத்து, தெருவிளக்குக்குக் கீழே பிடித்து, கோடு கோடாக இரண்டாம் முறையும் எண்ணினேன். ஏப்ரல் பதின்மூன்று, வியாழக்கிழமை. நாளைக்குத் திங்கள்.

"நாலு நாள் மிச்சம் இருக்கு," என்றேன்.